பல்லு விஷயத்துல கண்ணால பார்த்தது: பால் பல்லுல இருந்து பல்செட் வரைக்கும்

கோட்டையூர்
ஏழு வயசுப் பையன். கீழ்க் கடைவாய்ப்பல்லு சொத்தையாகி நரம்பு வரைக்கும் போயிருச்சு. "பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிரும்"னு அவுக அப்பச்சி சொல்றாக. டாக்டரம்மா அவுக விரலைப் பிடிச்சு, பையனோட நடுப்பல்லுல இருந்து எண்ணச் சொன்னாக. ஆறாவதுல விரல் நின்னதும் "இது பால் பல்லு இல்லைங்கய்யா"ன்னு சொன்னாக பாருங்க, அந்த மனுஷன் முகம் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. பால் பல் மொத்தம் 20, மேல கீழ, இடது வலதுன்னு நாலு பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் அஞ்சுதான். ஆறாவது நிரந்தரப் பல். ஆறு வயசு வாக்குல எந்தப் பல்லும் விழாம கடைசியில தானா முளைக்கிறதால வீட்டுல கவனிக்கிறதே இல்லை. அதோட வேர் நுனி மூட 9, 10 வயசாகும். அதுக்குள்ள நரம்பு செத்துட்டா பெரியவங்களுக்குப் பண்ற ரூட் கேனால் நேராப் பண்ண முடியாது, முதல்ல நுனியை அடைக்க மருந்து வைக்கணும். முளைச்சு வந்ததுமே மெல்லுற பக்கத்துப் பள்ளத்துல சீலன்ட்ங்கிற அடைப்புப் பூச்சு போட்டா வலியுமில்லை, ஊசியுமில்லை.

புதுவயல் வாசி
எங்க ஊர்ல ஒரு பிள்ளைக்கு அஞ்சாவது பால் பல்லு சொத்தை. பிடுங்குனதோட தொல்லை விட்டுச்சு. எல்லாத்துக்கும் வைத்தியம் பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா?

கோட்டையூர்
புதுவயல், தொல்லை விடலைங்க, தள்ளிப் போயிருக்கு. அந்தப் பால் பல்லு 10லிருந்து 12 வயசு வரைக்கும் இடம் பிடிச்சு வைக்கணும். முன்னாடியே பிடுங்கினா ஆறு வயசுப் பல்லு முன்பக்கமா சாஞ்சு அந்த இடத்தை அடைச்சுக்கும். அடியில இருந்து வர்ற பல்லுக்கு வழி இருக்காது, ஒண்ணு உள்ளயே நிக்கும், இல்லைன்னா கோணலா வரும். பிடுங்கியே ஆகணும்னா பின்பல்லுல ஒரு வளையம் மாட்டி, அதுல இருந்து முன்பல்லைத் தொடுற மாதிரி ஒரு கம்பி வைப்பாங்க. வளையத்துச் சிமென்ட் கரைஞ்சா அடியில சொத்தை விழும், அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவை காட்டணும். புதுப் பல்லு தலை காட்டுனதும் கழட்டிரணும். முன்பக்கப் பால் பல்லுக்குப் பெரும்பாலும் இது தேவைப்படாது.

கொப்புடையாள் துணை
சிராவயல் மஞ்சுவிரட்டு. ஒரு பையனுக்கு மாடு மோதி மேல் முன்பல்லு வேரோட வந்திருச்சு. கூட இருந்தவரு நல்ல எண்ணத்துலதான், பல்லைக் குழாயடியில வெச்சு வேரைத் தேச்சுத் தேச்சுக் கழுவுறாரு, மண் போகணுமாம். அப்புறம் கைக்குட்டையில மடிச்சுப் பைக்குள்ள வெச்சாரு. பத்தடியில டீக்கடை. அங்க பால் இருந்துச்சு.

வேர் மேல இருக்கிற மெல்லிய சவ்வுதான் பல்லைத் திரும்ப எலும்போட சேர்க்கிறது. அதைத் தேச்சா போச்சு. காய்ஞ்சாலும் போச்சு, ஒரு மணி நேரம் உலர்ந்து கிடந்தா அந்த உயிரணுக்கள் பிழைக்காது. அப்புறம் பல்லை வெச்சாலும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமா வேரைத் தின்னுரும். செய்ய வேண்டியது இதுதான்: பல்லை வெள்ளைப் பக்கத்துல மட்டும் பிடிங்க. அழுக்கா இருந்தா பாலுலயோ நல்ல தண்ணியிலயோ லேசா அலசுங்க, பத்து செகண்ட் போதும். அப்பவே குழியில திருப்பி வெச்சு, ஒரு துணியைக் கடிச்சுக்கச் சொல்லுங்க. ஆள் மயக்கமா இருந்தாலோ பயமா இருந்தாலோ ஆறின பாலுல போட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க, சூடான பால் ஆகாது. தண்ணியிலயே ஊறப் போடாதீங்க, சவ்வு கெட்டுரும். அங்க பக்கத்துப் பல்லோட சேர்த்து மெல்லிசுக் கம்பியில ரெண்டு வாரம் கட்டி வைப்பாங்க. வேர் நுனி மூடின பல்லா இருந்தா அந்த ரெண்டு வாரத்துக்குள்ளயே ரூட் கேனாலும் ஆரம்பிச்சிரணும். மண்ணுல விழுந்த பல்லு, டி.டி. ஊசியும் (டெட்டனஸ் தடுப்பூசி) கேட்டுக்குங்க.

தேவகோட்டை ரஸ்தா
மேல சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. சின்னப் பிள்ளைங்க பால் பல்லு இப்படி விழுந்தா திருப்பி வைக்கவே கூடாது, உள்ள இருக்கிற நிரந்தரப் பல்லோட மொட்டுல இடிக்கும்.

கானாடுகாத்தான்
கல்யாணத்துக்கு மூணு நாள் இருக்கையில சீப்புச் சீடையைக் கடிச்சு ஒரு பொண்ணுக்குக் கிளிப்போட பிராக்கெட் (பல்லுல ஒட்டி, கம்பியைப் பிடிச்சிருக்கிற சின்னத் துண்டு) விட்டுருச்சு. கம்பி கன்னத்துல குத்தி ரத்தம். வீட்டுல நகவெட்டியை எடுத்துட்டு வந்துட்டாக! கம்பி நுனியைப் பென்சில் ரப்பரால உள்ள மடக்கிவிட்டுட்டு, கிளிப்புக்குன்னு இருக்கிற மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி, ஈரத்தைத் துடைச்ச பிறகு அமுக்கினாலே போதும். ஈரத்தோட வெச்சா மெழுகு நிக்காது. பிராக்கெட் விட்டதை வாரக்கணக்குல போட்டு வெச்சா அந்தப் பல்லு நகந்துரும். சீடை, தட்டை, கடலை மிட்டாய் மூணும் கிளிப் கழட்டுற வரைக்கும் வேண்டாம். நம்ம குழம்பு மஞ்சளுக்கு பிராக்கெட்டுல மாட்டுற வெள்ளை ரப்பர் ரெண்டே நாள்ல பழுத்துரும், சாம்பல் கலர் கேளுங்க. கிளிப் கழட்டினதும் ஈறுல இருக்கிற நார்கள் புது இடத்துக்குப் பழக ஒரு வருஷம் வரைக்கும் ஆகும், பல்லு திரும்ப நகராமப் பிடிச்சு வைக்கிற ரிட்டெய்னரை அதனாலதான் விடக்கூடாதுங்கிறது. பிளாஸ்டிக் ரிட்டெய்னரை வெந்நீர்ல கழுவினா சுருங்கிப்போயி பல்லுல ஏறாது.

லேப் காரைக்குடி
எங்க லேப்ல செஞ்ச பல்செட் ஒண்ணு. ஆச்சிக்கு எழுபதுக்கு மேல. மெழுகுல பல்லு வெச்சுப் பார்க்குற அன்னைக்குத் தனியா வந்து, கண்ணாடியைப் பார்க்காமலே "நல்லாருக்குப்பா"ன்னு சொல்லிட்டாக. செட் வாங்கப் போன அன்னைக்கு மகள் பார்த்துட்டு "ஆத்தா, இது உங்க சிரிப்பே இல்ல"ன்னதும் ஆச்சி வாயைப் பொத்திக்கிட்டாக. அது இப்பவும் உறுத்துது.

தயவுசெஞ்சு மெழுகு நாள்ல வீட்டாள் ஒருத்தர் பழைய போட்டோவோட கூடப் போங்க. பல்லோட நீளம், நடுக்கோடு, உதடு நிக்கிற விதம் எல்லாம் அன்னைக்கு மாத்தலாம். பேச்சு கொடுத்துப் பாருங்க, 'ஸ' வர்றப்ப மேலும் கீழும் பல்லு இடிச்சுச் சத்தம் கேட்டா உயரம் கூடிருச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் மெழுகு போயி அக்ரிலிக்கா (கெட்டிப் பிளாஸ்டிக்) மாறிரும். 74 டிகிரியில எட்டு ஒம்பது மணி நேரம் மெதுவா வேகவைக்கிறது ஒரு முறை. அவசரத்துக்குச் சூட்டை ஏத்துனா உள்ள இருக்கிற திரவம் கொதிச்சு, கனமான இடத்துல துளை துளையா நிக்கும். அங்கதான் பூஞ்சை குடியேறும்.

கீழ்ச்செட் ஆடுதுன்னு எல்லாரும் சொல்றாக. பிடிக்கிற பரப்பு கம்மி, நாக்கு வேற தள்ளிக்கிட்டே இருக்கும், பழக நாளாகும். ராத்திரி கழட்டிச் சாதாத் தண்ணியில போடுங்க. பேஸ்ட் வேண்டாம், கீறல் விழும், மென்மையான பிரஷும் சோப்பும் போதும்.

பள்ளத்தூர் மாடிவீடு
ஐயா ஒருத்தர் பல்லுப் பிடுங்க வந்து, "நெஞ்சுக்குப் போடுற ஆஸ்பிரினை அஞ்சு நாளா நானே நிறுத்திட்டேன்"னு பெருமையாச் சொன்னாக. டாக்டர் பேனாவைக் கீழ வெச்சுட்டாரு.

ஊர்ல வயசானவுக இருக்கிற வீட்டுக்காரவுக இதைக் கேட்டுக்குங்க. ஒரு பல்லு பிடுங்குறதுக்கு ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்துறதில்லை. ரத்தம் கசிஞ்சா பஞ்சு, தையல்னு நிறுத்த வழியிருக்கு. மாத்திரையை விட்டதுல ரத்தம் உறைஞ்சா அதுதான் உயிருக்கு ஆபத்து. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுறவுக பிடுங்குறதுக்கு முந்தின 24 மணி நேரத்துக்குள்ள எடுத்த ஐ.என்.ஆர். (ரத்தம் உறையுறதைப் பார்க்கிற சோதனை) சீட்டைக் கொண்டு போங்க. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை, வருஷம் ஒரு ஊசின்னு போடுறவுக அதை மறக்காமச் சொல்லணும், பிடுங்கின இடத்துல தாடை எலும்பு ஆறாமப் போக வாய்ப்பு உண்டு. அந்த ஊசி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலயே ஆடுற பல்லையெல்லாம் பார்த்து முடிச்சுக்கிறது நல்லது. சர்க்கரை இருக்கிறவுக காலைப் பலகாரமும் மாத்திரையும் வழக்கம்போல முடிச்சுட்டு முதல் ஆளாப் போங்க. பிடுங்கின பிறகு பஞ்சை அரை மணி நேரம் அசைக்காமக் கடிக்கணும். அன்னைக்கு முழுக்கத் துப்பவும் கூடாது, கொப்பளிக்கவும் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சவும் கூடாது. ரத்தக்கட்டி பேர்ந்துச்சுன்னா மூணாம் நாள் காது வரைக்கும் வலிக்கும். உப்புத் தண்ணி மறுநாள்தான்.

புதுவயல் வாசி
கோட்டையூர், அந்த வளையம் வைக்கிறது பிடுங்கி நாலு மாசம் ஆன பிறகும் ஆகுமா?

கோட்டையூர்
இடம் எவ்வளவு மிச்சம்னு எக்ஸ்ரேயில பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும். முதல் ஆறு மாசத்துலதான் இடம் வேகமாச் சுருங்கும், அதனால இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க. சாஞ்சிருந்தா முதல்ல அந்தப் பல்லைப் பின்னாடி தள்ளிட்டு அப்புறம் வளையம் வைப்பாங்க.