பார்சிலோனா: மாமனார் மாமியார் வரும் வாரத்தில் லா மெர்செ திருவிழாவாம். எங்கே கூட்டிப்போவது?

புதுக்குடித்தனம்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பார்சிலோனா வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வரும் செப்டம்பர் 22ஆம் தேதி என் மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வருகிறார்கள். அந்த வாரம் முழுக்கக் கணவருக்கு வெளியூரில் வேலை, நான்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்று காலை கீழ்வீட்டுப் பாட்டி படிக்கட்டில் என்னை நிறுத்தி, பேய் வேஷம் போட்டவர்கள் தெருவில் தீப்பொறி பறக்க ஓடுவார்கள், சன்னலை மூடிவை, கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிடு என்று பாதி பேச்சிலும் பாதி சைகையிலும் சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அது ஆபத்தானதா? இலையுதிர்காலத்தில் இங்கே வருபவர்களுக்குப் பார்க்க என்னதான் இருக்கிறது? வங்கி வேலை, மளிகை, மாமாவின் மருந்து எல்லாவற்றையும் 24ஆம் தேதிக்கு என்று வைத்திருக்கிறேன். தயவுசெய்து யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

வடபழனி டூ வாலென்சியா

திருவிழாவெல்லாம் இருக்கட்டும் தங்கச்சி. எம்பாத்ரோனாமியெந்தோ போட்டாச்சா? அதாவது நகராட்சியில் முகவரிப் பதிவு. அது இல்லாமல் இந்த நாட்டில் ஒன்றும் நகராது. மருத்துவ அட்டை, பிள்ளைக்குப் பள்ளி, எல்லாவற்றுக்கும் முதலில் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள். நீண்டகால விசாவில் வந்திருந்தால் அடையாள அட்டைக்கு ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு நேரம் பதிவு செய்வது பெரும்பாடு. நான் வந்த புதிதில் வாடகைக்கு அறை கொடுத்தவர் பதிவுக்குக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். முகவரி இல்லாததால் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாததால் யாரும் வீடு தரவில்லை. அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. முதலில் அதை முடியுங்கள், திருவிழா அடுத்த வருடமும் வரும்.

கிராசியா வாசி

அண்ணா, அவர் கேட்டது வேறு. லா மெர்செ வாரத்தில் பார்சிலோனாவில் இருப்பது கொடுப்பினை! இந்த ஊரின் காவல் தெய்வம் மெர்செ மாதா. 1687இல் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து வயலையெல்லாம் தின்றபோது நகர சபை இந்த மாதாவிடம் வேண்டிக்கொண்டது. கேடு நீங்கியதும் அவரையே ஊருக்குக் காவலாக ஏற்றுக்கொண்டார்கள். போப்பாண்டவர் அதை உறுதிப்படுத்தியது 1868இல். செப்டம்பர் 24தான் அவருடைய நாள். அதையொட்டிச் சில நாட்கள் ஊரே தெருவில்தான் இருக்கும், பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்குக் காசே கிடையாது.

பாட்டி சொன்னது கொர்ரெஃபோக். டிரம் அடிக்க, கொம்பு வைத்த முக்காடும் சாக்குத்துணி உடையுமாகக் குழு குழுவாக வருவார்கள். கையில் பிடித்த கோலின் நுனியில் மத்தாப்பு சுழலும், தீப்பொறி குடைபோல் தலைக்கு மேல் கொட்டும். பின்னாலேயே டிராகன்கள் வாயிலிருந்து நெருப்புக் கக்கிக்கொண்டு வரும். ஊர் மக்கள் அதன் அடியில் புகுந்து ஆடுவார்கள். இதைப் பார்க்காமல் போனால் பார்சிலோனாவைப் பார்த்ததாகவே ஆகாது. கட்டாயம் கூட்டிப்போங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை, தொப்பி, மூடிய ஷூ. அவ்வளவுதான்.

மூன்றாம்மாடி

கூட்டிப்போகவே போகாதீர்கள். ஊரிலிருந்து வரும் பெரியவர்களை அந்தப் புகைக்குள்ளும் சத்தத்துக்குள்ளும் தள்ளுவதா? நைலான் சேலையில் ஒரு பொறி விழுந்தால் போதும். கூட்டத்தில் நடுவில் மாட்டினால் திரும்பி நடக்கவும் முடியாது. கூட்டிப்போகச் சொன்னவர்கள் பேச்சைக் கேட்டு நானும் என் அம்மாவோடு கிளம்பினேன். அந்த இரைச்சலில் அம்மா காதைப் பொத்திக்கொண்டு ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். எழுப்பவே முடியவில்லை. வேண்டாம்.

கிராசியா வாசி

ஓரமாக நின்று பார்க்கலாமே. பிள்ளைகளுக்கென்று சாயங்காலமே சின்ன கொர்ரெஃபோக் ஒன்று தனியாக நடக்கும். அதில் தீயும் குறைவு, சத்தமும் குறைவு.

மூன்றாம்மாடி

குறைவு என்பது உங்கள் காதுக்கு. எங்கள் அம்மா காதுக்கு அல்ல.

தறிக்காரன்

நெருப்பை விடுங்கள், கஸ்தெல்தான் பார்க்க வேண்டியது. மனிதக் கோபுரம். சாந்த் ஜாவ்மே சதுக்கத்தில், நகர மன்றத்துக்கு முன்னால் நடக்கும். யுனெஸ்கோ 2010இல் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. நானும் ஒரு குழுவில் அடித்தளத்தில் நிற்பவன் என்பதால் சொல்கிறேன், கோபுரம் ஏறும்போது மட்டும் பார்க்காதீர்கள், அரைமணி நேரம் முன்னால் போய்த் தயாராவதைப் பாருங்கள். இடுப்பில் நீளமான கறுப்புத் துணி கட்டுவார்கள். ஒருவர் ஒரு முனையை விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார், கட்டுகிறவர் மறுமுனையை இடுப்பில் வைத்துக்கொண்டு தானே சுற்றிச் சுற்றி அவரை நோக்கி வருவார். ஒரு சுருக்கம் விழுந்தாலும் அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து கட்டுவார்கள். முதுகைத் தாங்குவதும் அந்தத் துணிதான், மேலே ஏறுகிறவர் கால் வைத்து ஏறுவதும் அதன் மேல்தான்.

கீழே நெருக்கி நிற்கும் கூட்டத்துக்குப் பின்யா என்று பெயர். அதில் நிற்கும்போது முன்னால் இருப்பவர் தோள்தான் தெரியும், மேலே நடப்பது எதுவும் தெரியாது. அதனால்தான் கிரால்யா வாசிக்கிறார்கள். நம் நாதஸ்வரம் போலச் சீவாளி வைத்த குழல். எந்த இடத்தில் பாட்டு மாறுகிறது என்பதை வைத்தே கோபுரம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அடியில் இருப்பவர்களுக்குத் தெரியும். உச்சிக்குப் போவது ஹெல்மெட் போட்ட சின்னப் பிள்ளை. மேலே போய் ஒரு கையை உயர்த்தியதும் சதுக்கமே ஆர்ப்பரிக்கும். ஆனால் அதோடு முடியவில்லை. விழாமல் எல்லோரும் இறங்கினால்தான் அது முழுமையாகக் கட்டி இறக்கிய கோபுரம்.

உங்கள் மாமியாருக்கு நிச்சயம் பிடிக்கும்.

மூன்றாம்மாடி

அங்கே உட்கார நாற்காலி ஒன்று உண்டா? கிடையாது. வெயிலில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும்.

ஓலைக்குடிசை

வெயிலா? நான் போன வருடமெல்லாம் மழையில் நனைந்ததுதான் மிச்சம். இந்தக் கடற்கரைப் பக்கம் இலையுதிர்காலத்தில்தான் மழை கொட்டும். இங்கே ஒரு கதை உண்டு. முன்பு ஊருக்குக் காவலாக இருந்தவர் சாந்தா எவுலாலியா, பதின்மூன்று வயதில் உயிர்விட்ட பெண். தன் இடத்தை மெர்செக்குக் கொடுத்துவிட்டார்களே என்று அவர் அழுவதால்தான் திருவிழா அன்று மழை வருகிறது என்பார்கள்.

மழையாவது பரவாயில்லை. கடைகள்தான் என்னை அழவைத்தன. ஞாயிறு மூடல், மதியம் மூடல், பண்டிகை என்றால் மூடல். வந்த புதிதில் ஒரு நீண்ட விடுமுறையில் வீட்டில் பால்கூட இல்லை.

வடபழனி டூ வாலென்சியா

அதேதான். பிறகு மொழி. ஸ்பானிஷ் படித்துக்கொண்டு பார்சிலோனா போனால் அங்கே கடிதமெல்லாம் காத்தலானில், அதாவது அந்தப் பகுதியின் சொந்த மொழியில், வருகிறது. என் நண்பன், மகளின் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு முழித்தான்.

ஓலைக்குடிசை

வாடகையைச் சொல்லுங்கள். நான் பார்த்த தரகர் ஒருவர் வீட்டைக் காட்டுவதற்கு முன்பே முன்பணம் கேட்டார்.

மூன்றாம்மாடி

மெட்ரோவில் என் பர்ஸ் போனதை யாரிடம் சொல்ல.

செவிலி அக்கா

எல்லோரும் கொஞ்சம் நில்லுங்கள். அந்தப் பெண்ணுக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது, அவர் கேட்டதற்கு ஒருவரும் முழுதாகப் பதில் சொல்லவில்லை. புதுக்குடித்தனம், நீங்களும் முக்கியமானதைச் சொல்லவில்லையே அம்மா. வீடு எந்தப் பக்கம்? பெரியவர்களுக்கு உடம்பு எப்படி? மாமாவுக்கு மருந்து என்றீர்கள், எதற்கு? குழந்தை இருக்கிறதா? எவ்வளவு நாள் தங்குகிறார்கள்?

இதற்கு நடுவில் ஒன்று மட்டும் உடனே. 24ஆம் தேதி பார்சிலோனாவில் அரசு விடுமுறை. வங்கி, அலுவலகம், பெரிய சூப்பர்மார்க்கெட் எல்லாம் மூடியிருக்கும். அன்றைக்கு என்று வைத்த வேலைகளை இன்றே மாற்றுங்கள்.

புதுக்குடித்தனம்

ஐயோ, அன்றைக்கு விடுமுறையா! நல்லவேளை சொன்னீர்கள் அக்கா. வீடு பழைய நகரத்தில், வியா லயெத்தானாவுக்கு அடுத்த சந்து. மாமாவுக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது. அத்தைக்கு மூட்டுவலி, படி ஏறுவது கஷ்டம். சுத்த சைவம், முட்டையும் கூடாது. மகளுக்கு நாலு வயது. நவம்பர் முதல் வாரம் வரை இருப்பார்கள். இந்த முறை நவராத்திரியும் அதே சமயத்தில் வருவதால் சின்னதாகக் கொலு வைக்க வேண்டும் என்று அத்தை பொம்மைகளோடு வருகிறார்.

செவிலி அக்கா

இப்போது சரி. வியா லயெத்தானா கொர்ரெஃபோக்கின் வழக்கமான பாதை. அதனால்தான் பாட்டி எச்சரித்திருக்கிறார், அவர் சொன்னபடி செய்யுங்கள். பாதையும் நேரமும் மாறுவது உண்டு, நகராட்சியின் லா மெர்செ நிகழ்ச்சி நிரலைப் பார்த்து அந்த இரவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று இருட்டுவதற்கு முன்பே வீட்டுக்குள் வந்துவிட வேண்டும், ஏனென்றால் தெருவை அடைத்தபின் டாக்சி சந்துக்குள் வராது. பைபாஸ் ஆனவருக்கு அந்தக் கூட்டமும் புகையும் வேண்டாம், இதில் மூன்றாம்மாடி சொன்னதுதான் சரி. மகளுக்குக் காட்ட ஆசைப்பட்டால் கணவர் இருக்கும் வருடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பெரியவர்களும் குழந்தையும் சேர்ந்து பார்க்க வேண்டியது பகலில் வரும் ராட்சதப் பொம்மை ஊர்வலம். அரசர் ஜாவ்மே, அரசி வியோலான்த் என்று ஆளைவிடப் பல மடங்கு உயரமான உருவங்கள் ஆடிக்கொண்டு வரும். பாவாடைக்குள் ஒருவர் நின்று தூக்கிச் சுமப்பார். உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். கஸ்தெலுக்கு அத்தை நிற்க வேண்டாம், நகரத் தொலைக்காட்சியில் நேரலை வரும், வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கட்டும்.

தறிக்காரன்

நேரில் பார்க்க ஆசைப்பட்டால், குழுக்கள் தங்கள் கூடத்தில் ஒத்திகை பார்ப்பதைப் பார்க்கலாம். வெளியாட்களை அனுமதிப்பார்கள், ஒரு ஓரமாக உட்காரவும் இடம் கிடைக்கும். முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

செவிலி அக்கா

நல்ல யோசனை. அடுத்தது, கதீட்ரல் பக்கத்திலேயே இருக்கிறது. உள்முற்றத்தில் பதின்மூன்று வெள்ளை வாத்துகள் வளர்க்கிறார்கள், ஓலைக்குடிசை சொன்ன எவுலாலியாவின் வயதுக்குக் கணக்கு அது. மகள் அங்கிருந்து கிளம்பவே மாட்டாள். மோன்ஜுயிக் குன்றில் இருக்கும் காத்தலூன்ய தேசியக் கலை அருங்காட்சியகத்துக்குச் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் இலவசம். பிரனேய மலைக் கிராமங்களின் பழைய தேவாலயச் சுவர்களிலிருந்து பெயர்த்து வந்த ஓவியங்களை அதே வளைவு வடிவில் பொருத்தி வைத்திருக்கிறார்கள். லிஃப்ட் உண்டு, உட்கார இடமும் உண்டு. கோயில் ஓவியத்தில் ஆர்வம் உள்ள பெரியவர் என்றால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது.

அக்டோபர் 12 தேசிய விடுமுறை, நவம்பர் 1 புனிதர் அனைவர் நாள். இரண்டும் கடை மூடும் நாட்கள். அக்டோபர் பிற்பகுதியில் தெருமுனைகளில் கஸ்தான்யா, அதாவது செஸ்ட்நட் கொட்டை, சுடும் கடைகள் வந்துவிடும். சுட்ட கஸ்தான்யாவைக் காகிதக் கூம்பில் சுடச்சுடக் கொடுப்பார்கள், கூடவே சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கும் இருக்கும். அத்தை இரண்டையும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அதே சமயம் எல்லா பேக்கரியிலும் குவிந்திருக்கும் பனலியெட் என்ற இனிப்பு வேண்டாம். பாதாமும் சர்க்கரையும்தானே என்று தோன்றும், மேலே பைன் கொட்டை ஒட்டுவதற்கு முட்டை சேர்ப்பார்கள்.

மருந்து விஷயம் மிக முக்கியம். நம் ஊர்ச் சீட்டைக் காட்டி இங்கே மருந்துக்கடையில் வாங்க முடியும் என்று நம்பாதீர்கள். தங்கும் நாட்களுக்கும் அதற்கு மேலும் போதுமானதை, மருந்தின் மூலப்பெயர் போட்ட மருத்துவர் கடிதத்தோடு கைப்பையிலேயே கொண்டுவரச் சொல்லுங்கள், பெட்டியில் போட வேண்டாம். விசாவுக்காக எடுத்த காப்பீட்டுத் தாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கட்டும். நெஞ்சுவலி என்றால் யோசிக்காமல் 112. உடல்நலச் சந்தேகம் மட்டும் என்றால் 061.

கிராசியா வாசி

கொலுவுக்குப் படி, சுண்டலுக்குக் கடலை எல்லாம் நினைத்துக் கவலைப்பட வேண்டாம். ரவால் பகுதியில் நம் துணைக்கண்டத்து மளிகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். 23க்குள் வாங்கிவிடுங்கள்.

புதுக்குடித்தனம்

அக்கா, எல்லோருக்கும் நன்றி. வங்கி வேலையை 26க்கு மாற்றிவிட்டேன், மருந்துக் கடிதத்துக்கு மாமாவிடம் இப்போதுதான் போனில் சொன்னேன். கடைசியாக ஒன்று. விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் கூட்டிவரலாமா? பத்துப் பயண டிக்கெட் வைத்திருக்கிறேன்.

வடபழனி டூ வாலென்சியா

அந்த டிக்கெட் விமான நிலைய மெட்ரோவில் செல்லாது தங்கச்சி. தவிர அது ஒரு ஆளுக்கு மட்டும், மூன்று பேர் சேர்ந்து பயன்படுத்த முடியாது. வீட்டில் பலர் பகிர்ந்துகொள்ள எட்டுப் பயண டீ-ஃபமிலியார் இருக்கிறது, ஊர் சுற்ற அதை வாங்குங்கள். மூட்டுவலிக்காரரையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு அன்று மெட்ரோ வேண்டாம். வெளியே வரிசையில் நிற்கும் கறுப்பு மஞ்சள் டாக்சியில் ஏறுங்கள், உள்ளே வந்து தனியாகக் கூப்பிடுகிறவரோடு போகாதீர்கள். சந்து ஒடுக்கமாக இருந்தால் வியா லயெத்தானாவிலேயே இறங்கிக்கொள்ளலாம், 22ஆம் தேதி அது திறந்திருக்கிறதா என்று மட்டும் நிரலில் பார்த்துவிடுங்கள்.