கோப்பில் ‘அயோடின் அலர்ஜி’ என்று எழுதியிருக்கிறது: உப்பையும் ஒதுக்க வேண்டுமா?

ஏற்காடு வாசி:
வணக்கம். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் தாயாருக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குமுன் வயிற்றில் தடவிய செம்பழுப்பு மருந்து பட்ட இடத்தில், குறிப்பாக இடுப்பின் ஓரத்தில், தோல் சிவந்து கொப்புளித்துப் பல நாள் அரித்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘அயோடின் அலர்ஜி’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் இந்துப்புதான், மீனையும் நிறுத்திவிட்டோம். கர்ப்பிணியான என் மனைவிக்கும் அதே சமையல்தான். இப்போது தாயாருக்கு டை ஊசி (படத்தில் உள்ளுறுப்புகள் தெளிவாகத் தெரியச் செலுத்தும் மருந்து) போட்டு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்கேன் மையத்தினரோ அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுத் தயங்குகிறார்கள். விவரம் அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மருந்தாளுநர், அஸ்தம்பட்டி:
ஐயா, ஸ்கேனுக்கு முன்பு உப்பைப் பேசிவிடுவோம், ஏனெனில் அதுதான் அவசரம். தைராய்டு ஹார்மோன் உருவாக அயோடின் இன்றியமையாதது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராமும், கர்ப்பிணிகளுக்கு 250 மைக்ரோகிராமும் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கடையில் நாம் வாங்கும் அயோடின் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மழை மண்ணிலுள்ள அயோடினை அரித்துச் சென்றுவிடுவதால் மலைப்பகுதிகளில் விளைவதில் அது பொதுவாகவே குறைவு. அயோடின் சேர்க்காத இந்துப்பை நம்பினால் அந்தக் குறை ஈடாகாது. வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டைச் சார்ந்தது என்பதால், இன்றே பழைய உப்புக்குத் திரும்பிவிட்டு, அடுத்த பரிசோதனையின்போது மகப்பேறு மருத்துவரிடம் இதைச் சொல்லி டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் தாயாருக்கு வந்தது அயோடின் என்னும் தனிமத்துக்கான ஒவ்வாமையாக இருக்க முடியாது. அப்படியிருந்தால் அறுவை சிகிச்சைக்கு முன்பு இத்தனை ஆண்டுகள் அயோடின் உப்பில் சமைத்துச் சாப்பிட்டபோதே தெரிந்திருக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் தடவும் அந்தச் செம்பழுப்பு மருந்தான பொவிடோன் அயோடின் கரைசல் வழிந்து உடலுக்கும் விரிப்புக்கும் இடையே தேங்கி, உலராமல் நெடுநேரம் நின்றால் தோலை ரசாயனமாகப் புண்ணாக்கும். இடுப்பின் ஓரத்தில் கொப்புளித்தது என்று நீங்கள் எழுதியிருப்பது அதைத்தான் நினைவூட்டுகிறது. சிவப்பு பட்டை பட்டையாக இருந்திருந்தால் பிளாஸ்திரியின் பசையைச் சந்தேகிக்கலாம். அரிதாகச் சிலருக்கு அக்கரைசலிலுள்ள பொவிடோனோ வேறு சேர்மானமோ உண்மையாகவே ஒவ்வாமை தரும். தோல் மருத்துவர் முதுகில் மருந்தை ஒட்டிச் செய்யும் பேட்ச் டெஸ்ட் அதைப் பிரித்துச் சொல்லும். அதுவரை புண்ணுக்கு அந்த மருந்தைத் தவிர்த்து, குளோர்ஹெக்சிடின் என்ற வேறு கிருமிநாசினியைக் கேட்டுப் பெறலாம்.

டை ஊசியில் அயோடின் இருப்பது உண்மைதான், ஆனால் அது பெரிய மூலக்கூறு ஒன்றுடன் இறுகப் பிணைந்தது. அதனால் வரும் எதிர்வினைக்குக் காரணம் அந்த மூலக்கூறேயன்றி அயோடின் அன்று. ஆகவே மருந்து பட்டுத் தோல் சிவந்தது ஸ்கேனுக்குத் தடையாகாது. மருத்துவர் கேட்க வேண்டியவை வேறு: முன்பு டை ஊசியே ஒத்துக்கொள்ளாமல் போயிற்றா, ஆஸ்துமா உண்டா, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு, கழுத்தில் தைராய்டு கட்டி உள்ளதா, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறாரா. இவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு ரேடியாலஜி மருத்துவரை நேரில் பாருங்கள். முன்பதிவு மேசையில் வாதாடிப் பயனில்லை.

சூரமங்கலம் ஆசிரியை:
எனக்கு டை ஊசியாலேயே உடலெங்கும் தடிப்பு வந்ததுண்டு. அடுத்த ஸ்கேனுக்கு வேறு டையைத் தேர்ந்தெடுத்து, 13, 7, 1 மணி நேரத்துக்கு முன்பாக ஸ்டீராய்டு மாத்திரையும், கடைசியில் அலர்ஜி மருந்தும் கொடுத்தார்கள்; சிரமமின்றி முடிந்தது. உப்பையோ மீனையோ நான் ஒருநாளும் விட்டதில்லை. ஒரு சந்தேகம்: இறால் ஒத்துக்கொள்ளாத என் தம்பிக்கும் டை ஊசி ஆகாது என்கிறார்களே, அது சரியா?

மருந்தாளுநர், அஸ்தம்பட்டி:
சரியன்று, அம்மா. இறால் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணம் அதன் தசையிலுள்ள டிரோப்போமயோசின் என்ற புரதம். ஒவ்வாமை உடல்வாகு உள்ளவர் என்பதால் மருத்துவரிடம் தெரிவிப்பது நல்லது. ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆனால் இறால் சாப்பிட்டு அவருக்கு மூச்சுத்திணறலோ தொண்டை வீக்கமோ வந்ததுண்டானால், அது தனியே கவனிக்க வேண்டியது.

ஏற்காடு வாசி:
மிக்க நன்றி. உப்பை இன்றே மாற்றிவிட்டோம். கோப்பில் உள்ள வாக்கியத்தைத் திருத்தித் தருவார்களா?

மருந்தாளுநர், அஸ்தம்பட்டி:
கேட்டுப் பெறுங்கள், ஐயா. ‘பொவிடோன் அயோடின் கரைசல் பட்ட இடத்தில் மட்டும் தோல் அழற்சி, மூச்சுத்திணறல் இல்லை, மயக்கம் இல்லை’ என்று தேதியுடன் எழுதித் தரச் சொல்லுங்கள். கொப்புளத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தால் தோல் மருத்துவரிடம் அதையும் காட்டுங்கள்.