51 விழுக்காடு பங்கு இருந்தால் கம்பெனி என் பொறுப்புக்கு வந்துவிடுமா?

கேள்வி:
அப்பா தொடங்கிய பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் மொத்தம் 10,000 பங்குகள் உள்ளன. என்னிடம் 4,000, தம்பியிடம் 3,500, அத்தையிடம் 2,500. அத்தை தம் பங்குகளில் 1,100-ஐ எனக்கு விற்கச் சம்மதித்திருக்கிறார். 51 விழுக்காடு சேர்ந்துவிட்டால் எல்லா முடிவையும் நானே எடுக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரியா?

பதில் 1:
பாதிதான் சரி. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி, சாதாரணத் தீர்மானத்துக்கு எதிர்ப்பைவிட ஆதரவு வாக்குகள் கூடுதலாக இருந்தால் போதும். இயக்குநரை நியமிக்கவும் நீக்கவும் உங்கள் 5,100 பங்குகள் போதும். ஆனால் கம்பெனி தனக்கென வகுத்துக்கொண்ட விதிமுறைகளைத் திருத்துவது, கம்பெனியின் பெயரை மாற்றுவது போன்றவற்றுக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதில் ஆதரவு, எதிர்ப்பைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். தம்பி தம் 3,500 வாக்குகளையும் எதிராகப் போட்டால் உங்களுக்கு 10,500 வாக்குகள் தேவைப்படும். கம்பெனியில் இருப்பதே 10,000 பங்குகள்தான்.

பதில் 2:
பணம் கொடுக்கும் முன் கம்பெனியின் விதிமுறைகளை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். பங்கை விற்பவர், மற்றப் பங்குதாரர்கள் எல்லோருக்கும் முதலில் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை பிரைவேட் கம்பெனிகளில் பரவலாக உண்டு. உங்களுடையதிலும் இருந்தால், தம்பியும் அந்த 1,100-இல் பங்கு கேட்கலாம். இன்னொன்று, கை உயர்த்தி வாக்கெடுக்கும்போது ஆளுக்கு ஒரு வாக்குதான். அத்தையும் தம்பியும் சேர்ந்து கை உயர்த்தினால் 51 விழுக்காடு வைத்திருந்தும் தோற்பீர்கள். விதிமுறைகள் வேறு விதமாகச் சொல்லாத வரை, பங்கு எண்ணிக்கைப்படி வாக்கெடுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டுப் பெறலாம்.

பதில் 3:
பெரும்பான்மைக்கு எதிராகச் சிறுபான்மைப் பங்குதாரரும் வழக்குத் தொடரலாம். பத்தில் ஒரு பங்கு இருந்தாலே தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுக முடியும். டாடா குழுமத்தின் தாய்க் கம்பெனியான டாடா சன்ஸில் 18 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருந்த ஷாபூர்ஜி பல்லோன்ஜி குழுமம், 2016-இல் தம் குடும்பத்தைச் சேர்ந்த சைரஸ் மிஸ்திரி அதன் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டதை எதிர்த்துப் போராடியது. 2021-இல் உச்ச நீதிமன்றம் டாடா தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வென்றவர்களுக்கும் அந்த வழக்கு நான்காண்டுக்கு மேல் நீடித்தது. ஆகவே வாங்கும் முன் தம்பியிடம் நேரில் பேசிவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. விதிமுறைப் புத்தகம் அப்பாவின் பீரோவில், பங்குச் சான்றிதழ்களுக்கு அடியில் இருந்தது. தம்பிக்கு முதலில் தெரிவிக்க வேண்டும் என்றே அதில் எழுதியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் மூவரும் உட்கார்ந்து பேசப் போகிறோம்.