கணைக்கால் எலும்பில் நுண்விரிசல்: ஓடாத வாரங்களில் மூச்சுத்திறனைக் காப்பது எப்படி?

செக்காலை ஓட்டக்காரி:
காரைக்குடியிலிருந்து குன்றக்குடி செல்லும் சாலையில் விடியற்காலையில் ஓடிப் பழகியவள் நான். வலது கணைக்கால் எலும்பின் உட்புறத்தில், விரல்நுனி அளவு இடத்தில் மட்டும் வலி நிலைத்து நின்றது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகே நுண்விரிசல் என்று உறுதியானது. ஆறு முதல் எட்டு வாரங்கள் ஓடக் கூடாது, வலியில்லாத வரை நடக்கலாம், சைக்கிளும் நீச்சலும் செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இந்த இடைவெளியில் மூச்சுத்திறனை எந்த அளவுக்குக் காப்பாற்ற இயலும்? நல்லெண்ணெய் காய்ச்சி உருவிவிட்டால் போதும் என்கிறார் அப்பத்தா. தைப்பூசத்திற்குப் பழனிக்கு நடக்கும் எண்ணமும் இருக்கிறது. அதற்கு மூன்று மாதங்களே உள்ளன.

பள்ளத்தூர் பாதசாரி:
கவலை வேண்டாம், சகோதரி. முதல் பத்து நாட்களில் பெரிய இழப்பு நேராது. அதன் பிறகும் முதலில் குறைவது இரத்தத்தின் நீர்மப் பகுதிதான். பயிற்சியைத் தொடங்கியதும் அது விரைவில் மீண்டுவிடும். உங்களுக்கு மிகப் பொருத்தமானது ஆழ்நீர் ஓட்டம். இடுப்பில் மிதவைப் பட்டையைக் கட்டிக்கொண்டு, பாதம் தரையைத் தொடாத ஆழத்தில், நிலத்தில் ஓடுவது போலவே கைகால்களை இயக்க வேண்டும். நீருக்குள் இதயத்துடிப்பு சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதால், கடிகாரத்தை விட்டுவிட்டு மூச்சிரைப்பை அளவாகக் கொள்ளுங்கள். நம் ஊர்ப்பக்கம் நீச்சல்குளம் அரிது. குடிநீர் ஊருணியில் இறங்குவதை ஊரார் ஒப்பமாட்டார்கள், அது நியாயமும்கூட. வயல்கிணறுதான் வழி என்றால், நீச்சல் தெரிந்த ஒருவர் மேலே நிற்காமல் இறங்காதீர்கள். அதுவும் அமையாவிட்டால் சைக்கிள் இருக்கிறது. 1984இல் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட், ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு 17 நாட்களுக்கு முன் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, கைகளால் சுழற்றும் சைக்கிளில் பயிற்சி செய்து அதில் வென்றார். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் மகளிருக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானிலும் தங்கம் பெற்றார்.

தேவகோட்டை இயன்முறை மருத்துவர்:
முந்தைய பதிவு சரியே. ஆனால் அந்த எடுத்துக்காட்டை இங்கே பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அவருக்குப் பழுதானது மூட்டின் உட்பகுதி, உங்களுக்கோ எலும்பு. பழுதுற்ற எலும்பைச் சீரமைக்கும்போது உடல் முதலில் பழைய பகுதியை அரித்து எடுக்கிறது, அதன் பிறகே புதியதைக் கட்டுகிறது. ஆகவே இடையில் அந்த இடம் முன்பைவிட வலுவிழந்திருக்கும். சைக்கிளாலும் நீர்ப்பயிற்சியாலும் இதயமும் நுரையீரலும் ஓடத் தயாராகிவிடும், எலும்பு தயாராகியிருக்காது. பலர் மறுபடியும் படுப்பது இந்த இடைவெளியில்தான். ஓட்டத்தைத் தொடங்கும் நாளையும் வேகத்தையும் மூச்சு அல்ல, எலும்பே முடிவு செய்ய வேண்டும்.

அரைமணி நேரம் வேகமாக நடந்தும் அன்றும் மறுநாளும் வலி இல்லை, எலும்பை விரலால் அழுத்தினாலும் நோவில்லை என்ற நிலை வந்த பிறகு, மருத்துவரின் ஒப்புதலுடன் ஒரு நிமிட ஓட்டம், சில நிமிட நடை என்று ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்குங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்வதில் பொருளே இல்லை. அப்பத்தாவின் எண்ணெய் தசைக்கு இதமளிக்கும். வலிக்கும் எலும்பின் மேல் அழுத்தி உருவ வேண்டாம். ஓடவில்லையே என்று உணவைக் குறைப்பது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. கூழோ களியோ தாராளமாகச் சாப்பிடுங்கள். மாதவிடாய் தவறியிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். போதிய உணவின்மையும் எலும்புத் தேய்வும் அதனோடு சேர்ந்தே வருவதுண்டு.

செக்காலை ஓட்டக்காரி:
மிக்க நன்றி. பாதயாத்திரை ஓட்டம் அல்லவே, அதற்காவது போகலாமா?

தேவகோட்டை இயன்முறை மருத்துவர்:
ஓட்டத்தைவிட ஓரடிக்கு விழும் சுமை குறைவுதான். ஆனால் தொடர்ந்து பல நாட்கள், தார்ச்சாலையில், பெரும்பாலும் வெறுங்காலுடன் நடப்பது இதே விரிசலுக்குப் போதுமான காரணம். மார்கழி நடுவில் குன்றக்குடி வரை வலியின்றி நடந்து, மறுநாளும் அதே தூரம் நடக்க முடிந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் இந்த ஆண்டு பழனிக்குப் பேருந்தில் போய் வாருங்கள்.