ஜார்ஜ் டவுனில் எங்கே சாப்பிடலாம்? பினாங்குக்காரர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு பினாங்கு வருகிறோம். ஒருவருக்கு ஹலால் மட்டுமே, அம்மா சுத்த சைவம். படம் எடுக்கக் கூட்டம் கூடும் கடை வேண்டாம். ஊர்க்காரர்கள் சாப்பிடும் இடமாகச் சொல்லுங்கள்.

முதலில் சார் குவே தியாவ், அதாவது சட்டியில் பிரட்டும் தட்டை அரிசி நூடுல்ஸ். பன்றிக்கொழுப்பு சேர்க்காமல், ஒவ்வொரு தட்டாகத் தனியே பிரட்டித் தரும் கடை எது? நாலைந்து தட்டுக்கானதை ஒரே சட்டியில் கொட்டினால் சூடு இறங்கி, தண்ணீர் விட்டு, கொழகொழவென்று ஆகிவிடும். அந்தக் கருகல் மணம் வரவே வராது. வாத்து முட்டை போடுபவர் என்றால் இரட்டிப்பு சந்தோஷம்.

நாசி கண்டாருக்கு (சோற்றோடு பலவகைக் கறி) ஹமீதியா, லைன் கிளியர் கடைகள் தெரியும். வேறு எங்கே காலையிலேயே கறி தயாராக இருக்கும்? பெரிய இறால், மீன் முட்டைக்கு முன்கூட்டியே விலை சொல்வார்களா? கேட்காமல் எடுத்தால் பில்லில்தான் அதிர்ச்சி.

அசாம் லக்சாவுக்கு (புளிப்பான மீன் சாற்று நூடுல்ஸ்) கொம்தார் பஸ் நிலையத்தில் 204 பஸ் பிடித்து ஆயர் ஈத்தாம் பகுதிக்குப் போக எண்ணம். அங்கே எந்தக் கடையில் சாறு கெட்டியாக, மீன் நிறைய இருக்கும்?

அம்மா விஷயம்தான் சிக்கல். லக்சா சாறே மீன், ரோஜாக் என்ற பழ, காய்க் கலவையில் இறால் விழுது, வெறும் கங்கோங் கீரையில்கூட பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது). லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும், ஆனால் அது நம் வீட்டுச் சாப்பாடுதானே! சைவ லக்சா, சைவ குவே தியாவ் போடும் சீன சைவக் கடை இருந்தால் தெருப் பெயர், திறக்கும் நேரம், விடுமுறை நாள் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.