சுன்னத் செய்த பையனுக்கு சிறுநீர் மேல்நோக்கிப் பீய்ச்சுகிறது, அவசரம்

ஏற்காட்டு அத்தா: நூல் மாதிரி மெல்லிசாக வருகிறது, முடிக்க ரொம்ப நேரமாகிறது. சுன்னத் புண் எப்போதோ ஆறிவிட்டது. சேலத்தில் யாரைப் பார்ப்பது?

கோட்டைவாசி: என்ன வயசு பாய்? சுன்னத் எப்போது, எங்கே செய்தது? காய்ச்சல் உண்டா?

அம்மாப்பேட்டை தம்பி: உடம்புச் சூடுதான். மலைக்குளிரில் பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை. சீரகத் தண்ணீர் கொடுங்கள்.

மூத்தவர்: வயதுகூட எழுதாமல் கேட்டால் பதில் எப்படி வரும்? முதலில் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். தம்பி, சூட்டில் எரியும், தாரை திசை மாறாது. இது துவாரச் சுருக்கம், மீட்டல் ஸ்டெனோசிஸ். முன்தோல் இல்லாத நுனி ஈர டயப்பரில் உரசிப் புண்ணாகி ஆறும்போது, துவாரத்தின் கீழ் ஓரம் ஒட்டிச் சவ்வாகிவிடும். அதுதான் தாரையை மேலே தள்ளுகிறது. டயப்பர் விட்ட பிறகுதான் பெற்றோர் கண்ணில் படும்.

ஏற்காட்டு அத்தா: 4 வயசு. பிறந்த மாசமே ஆஸ்பத்திரியில் செய்தது. காய்ச்சல் இல்லை. போக ஆரம்பிக்கும்போது அழுகிறான்.

செவ்வாய்ப்பேட்டை: அதான் விஷயம். வழக்கமாகச் சுன்னத் செய்துவிடும் எங்கள் ஒஸ்தா கையில் ஒரு பிள்ளைக்கும் இப்படி ஆனதில்லை.

கோட்டைவாசி: ஒஸ்தாவிடம் பிள்ளைகள் டயப்பர் விட்ட பிறகு போகிறார்கள், வித்தியாசம் அங்கேதான். ஒஸ்தா செய்த என் அக்கா மகனுக்குத் தண்டுத்தோல் ஆண்குறி மொட்டோடு பாலம்போல ஒட்டி, பிறகு வெட்டிப் பிரித்தார்கள்.

செவ்வாய்ப்பேட்டை: ஒருவருக்கு ஆனால் எல்லோரையும் சொல்வதா?

தியேட்டர் நர்ஸ்: சண்டை அப்புறம். அண்ணே, குழந்தை அறுவைச் சிகிச்சை நிபுணர் அல்லது யூராலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள். அவன் சிறுநீர் போவதை போனில் வீடியோ எடுக்காதீர்கள், அங்கேயே போகவைத்து டாக்டர் பார்க்கட்டும். கம்பி விட்டு விரித்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிழிந்து தழும்பாகி மறுபடி சுருங்கும். மீட்டோட்டமி என்று அந்தச் சவ்வைக் கீழ்ப்பக்கம் சிறிதாகக் கீறித் திறப்பார்கள். சின்ன வேலை, பெரும்பாலும் அன்றைக்கே வீடு. நுனி வெள்ளையாகத் தடித்திருந்தால் அது வேறு தோல்நோயாக இருக்கலாம், அதையும் கேளுங்கள். சிறுநீர் அடியோடு நின்று அடிவயிறு உப்பினால் ராத்திரியானாலும் காத்திருக்காமல் ஜிஎச்சுக்கு இறங்கிவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு தாண்டணும்.

அம்மாப்பேட்டை தம்பி: சீரகத் தண்ணீர் கெடுதல் இல்லையே?

மூத்தவர்: சவ்வை அது கரைக்காது.

ஏற்காட்டு அத்தா: மீட்டோட்டமிதான் செய்தார்கள். நேராகப் போகிறது. களிம்பு தடவத்தான் விடமாட்டேன் என்கிறான்.

தியேட்டர் நர்ஸ்: வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்துவிட்டு, கீறிய ஓரங்களை விலக்கித் தடவுங்கள். டாக்டர் சொன்ன நாள்வரை விடாதீர்கள், விட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.