மெத்ஸ் டிகிரி முடிக்கிற பிள்ளைக்கு உண்மையில விளங்கியிருக்கா எண்டு எப்படிப் பாக்குறது?

உவர்மலையான்:
திருகோணமலையில மெத்ஸ் படிப்பிக்கிறன். போன கிழமை ஃபைனல் இயர் பிள்ளைகள் 6 பேரோட கதைச்சுக்கொண்டிருக்கேக்க, எல்லாரும் அனாலிசிஸ் பாடத்தில ஏ, பி எடுத்தவங்க, கன்டினுயிட்டிக்கும் (எக்ஸை டெல்டா எண்ட சின்ன அளவுக்குள்ள மாத்தினா விடையும் கொஞ்சம்தான் மாறும்) யூனிஃபோர்ம் கன்டினுயிட்டிக்கும் (எல்லா எக்ஸுக்கும் ஒரே டெல்டா போதும்) என்ன வித்தியாசம் எண்டு கேட்டன், வரைவிலக்கணம் ரெண்டையும் அச்சொட்டா சொன்னாங்க. சரி, எக்ஸ் வர்க்கம் 0 தொடக்கம் 1 வரைக்கும் யூனிஃபோர்ம், முழு மெய்யெண் கோட்டுல ஏன் இல்லை எண்டதும் ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. அந்தப் பேப்பரைத் திருத்தி ஏ போட்டதே நான்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் கிரேட் இருக்கு, ஆனா 120 கிரெடிட் முடிச்சுப் போற பிள்ளை சொந்தமா ஒரு நிறுவல் எழுதுமா எண்டு பாக்க எங்களிட்ட ஒண்டுமில்ல. நீங்க என்ன செய்றீங்க?

நிலாவெளி ரோட்:
பாஸ்ட் பேப்பரைப் பாருங்க சேர். அதே தேற்றத்தை வருசா வருசம் நிறுவச் சொன்னா பிள்ளை பாடமாக்கத்தான் செய்யும், ஏ-லெவல் டியூசனில பழகினதும் அதுதானே. நான் ஒருக்கா பிழையான நிறுவல் ஒண்டைக் குடுத்து எந்த வரியில பிழை எண்டு கேட்டன், டெல்டாவை எக்ஸைப் பாத்துத் தெரிவு செஞ்சிட்டு கடைசியில யூனிஃபோர்ம் எண்டு முடிச்சிருக்கும். முதல் வரிசைப் பிள்ளைகள் கனபேர் பிளஸ் மைனஸ் பிழை தேடினாங்க. எப்பவும் சி எடுக்கிற பிள்ளை ஒண்டு, "இந்த டெல்டா எந்த எக்ஸுக்கு?" எண்டு மட்டும் எழுதியிருந்திச்சு. முழு மார்க்ஸும் போட்டன்.

மூதூர் டீச்சர்:
நானும் பாடமாக்கித்தான் பாஸ் பண்ணினன். இப்ப ஸ்கூல்ல ஏழாம் ஆண்டுப் பிள்ளை சைபரால ஏன் பிரிக்க ஏலாது எண்டு கேட்டுது, "அது விதி" எண்டு சொல்லிட்டு வீட்டை வந்து அழுகை வந்திட்டுது. 5ஐ சைபரால பிரிச்சு ஒரு விடை வந்தா, அதை சைபரால பெருக்க 5 வரோணும், எந்த எண்ணை சைபரால பெருக்கினாலும் 5 வராது, அவ்வளவுதான் விசயம். டிகிரியில ஒருநாளாவது போர்ட்டில நிப்பாட்டி ஏன் எண்டு கேட்டிருந்தா சொல்லியிருப்பன். வாய்மொழிப் பரீட்சை வையுங்க சேர்.

உவர்மலையான்:
டீச்சர், நீங்க எழுதினதை டிப்பார்ட்மென்ட் மீட்டிங்கில வாசிக்கலாமா? ஃபைனல் இயரில 60 பேர், ஆளுக்கு 10 நிமிசம் எண்டா 10 மணித்தியாலம், ரெண்டு பேர் பிரிச்சா ஒரு நாளில முடியும். ஜிபிஏல சேர்க்க மாட்டன், சேர்த்தா அதுக்கும் நோட்ஸ் வந்திடும். ஃபர்ஸ்ட் இயர் முடிவில கேட்கிற அதே கேள்வியை இவங்களிட்டயும் கேட்டு, பதில் எந்தப் பாடத்தில முன்னேறேல்லையோ அந்தப் பாடத்தைப் படிப்பிக்கிற முறையை மாத்தோணும். நிலாவெளி, அந்தப் பிழையான நிறுவலை அனுப்புங்க.